முப்பத்தேழாம் கோப்பு: கியர்பெட்டி

சுப்யானின் வீட்டு அலுமாரியில் உடுப்புகளுக்கு ஒரு தட்டுத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற நான்கு தட்டுகளையும் கோப்புகள் பிடித்துக்கொண்டன. மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், பள்ளிவாசல் சந்தாச் சிட்டை, பல்லுப் பிடுங்கிய சிட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இருந்தது. பதினான்காம் கோப்பில் சுவர் மணிக்கூடொன்றின் உத்தரவாதச் சீட்டு இருந்தது. மணிக்கூடு நின்று ஏழு வருடமாகிவிட்டது. சீட்டில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் உண்டு. ஆனால் முகத்துக்கு நேரே எவரும் சிரித்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது சுப்யானுக்கு வயது இருபத்துமூன்று. வாப்பா காணி உறுதியைச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு நடந்தார். வழியில் அதையும் பறித்துக்கொண்டார்கள். இருபது வருடம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலிலும் பிறகு கல்வீட்டிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அந்தக் காணியில் வேறொருவர் கட்டிய மதில் நின்றது. "இது உங்கடை காணி எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று கந்தோரில் ஓர் உத்தியோகத்தர் கேட்டார். அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. அதுதான் சுப்யானுக்கு இன்றுவரை ஆறவில்லை. ஏழு வருட அலைச்சலுக்குப் பிறகு, பழைய குடும்பப் படமொன்றின் பின்பக்கத்தில் ஸ்ரூடியோக்காரர் எழுதி வைத்திருந்த விலாசத்தின் துணையோடு பாதிக் காணி மீண்டது. அன்று தொடங்கி அவர் எந்தக் கடதாசியையும் எறிந்ததில்லை. எந்த மனிதரையும் முதற் பார்வையில் நம்பியதும் இல்லை.

கார் சம்பந்தப்பட்ட எல்லாம் முப்பத்தேழாம் கோப்பில் இருந்தன. வெள்ளி நிறத்துச் சின்ன ஜப்பான் கார், ஒருவர் பாவித்தது, 2019இல் குருநாகலில் வாங்கியது. கிளினிக்குக்குப் போகும் நோயாளிகளையும், காங்கேசன்துறையில் கப்பல் ஏறும் பயணிகளையும் ஏற்றி இறக்கி, அதைக் கொண்டே அவரும் மனைவி கைருன்னிஸாவும் சீவித்தார்கள். அதற்கு அடுத்த வருடமே வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. இந்தக் கார் நின்றால் இன்னொன்று கிடைக்காது.

காரை வாங்கி வந்த முதற் கிழமையிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுவரை அவர் ஓட்டியவை எல்லாம் கையால் கியர் மாற்றும் வாகனங்கள். அவற்றில் எஞ்சின் உறுமும், கியர் மாறும், உறுமல் தணியும், மறுபடி ஏறும். இந்தக் காரிலோ மிதித்தவுடன் எஞ்சின் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றது. வேகம் மட்டும் தன்பாட்டில் ஏறியது. கிளச் வழுக்கும் வாகனத்தில்தான் அப்படி நடக்கும். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். 'ஐயா, இதில் கியர்ப் பல்லே கிடையாது. இதன் இயல்பே அதுதான்' என்று மறுமொழி வந்தது. அதையும் அவர் நம்பவில்லை. ஜப்பான் மொழியிலிருந்த கைநூலைக் கைப்பேசியில் படம் பிடித்து, வரிவரியாக மொழிபெயர்த்து, இரண்டு கொப்பிகளில் எழுதி முடித்தார். அதன் பிறகு அடுக்களைக்குள் போனார்.

"இஞ்சேருங்கோ, போத்தலுக்கை எண்ணெய் விடப் புனலைத் தேடுறன். நாலு புனலும் எங்கை?" என்று கைருன்னிஸா கேட்டாள்.

"ரெண்டு நாள் பொறு. ஒரு விசயம் பாக்கவேணும்."

"விசயத்தைப் பாக்கக் கண் போதாதோ? புனலும் வேணுமோ?"

மேசையில் நான்கு புனல்களும் இரண்டு சோடிகளாக நின்றன. ஒவ்வொரு சோடியையும் ஒரு தடியில் கோத்து, ஒடுங்கிய முனைகள் ஒன்றையொன்று பார்க்க வைத்திருந்தார். இரண்டு புனல்களுக்கும் இடையே ஒரு பள்ளம் விழுந்தது. சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி, இந்தச் சோடியின் பள்ளத்திலிருந்து அந்தச் சோடியின் பள்ளத்துக்கு மாட்டியிருந்தார். முதற் சோடியை நெருக்கினால் வளையம் விளிம்பை நோக்கி மேலே ஏறியது; மற்றச் சோடியை அதே அளவுக்கு விலக்கினால் அங்கே அது கீழே இறங்கியது. முதற் தடியை ஒரு முறை சுற்றினால் இரண்டாவது தடி மூன்று முறை சுற்றியது. விலக்கி நெருக்குவதை மாற்றிச் செய்தால் மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் எத்தனை அளவு வேண்டுமென்றாலும் எடுக்கலாம். படியில் ஏறுவதற்குப் பதிலாகச் சரிவில் ஏறுவது போல. எஞ்சின் தனக்கு வசதியான ஓட்டத்தில் நிற்க, புனல்கள்தாம் நெருங்கியும் விலகியும் சில்லின் வேகத்தைக் கூட்டுகின்றன. அதனால்தான் சுருதி மாறவில்லை.

விற்றவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதன் பிரதியும் முப்பத்தேழாம் கோப்பில் உண்டு.

ஆனால் புனலோடு அவர் கவலை முடியவில்லை. காருக்குள் இருப்பது ரப்பர் அல்ல. நூற்றுக்கணக்கான சிறு உருக்குத் தகடுகளை நெருக்கமாகக் கோத்த பெல்ற். புனல்களும் உருக்கு. உருக்கை உருக்கு வழுக்காமல் பிடிக்க இரண்டு விசயங்கள் வேண்டும் என்று கைநூல் சொன்னது: புனல்களை இறுக்கி நெருக்கும் ஒயில் அழுத்தம், அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்ட ஒயில். பிழையான ஒயிலை விட்டால் பெல்ற் வழுக்கும். வழுக்கினால் புனலில் கீறல் விழும். கீறல் விழுந்த பெட்டி நெடுநாள் உயிரோடு இராது. இந்த வசனத்தின் கீழ் அவர் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

ஆகவே, போன ஆவணியில் ஒயில் மாற்றிய பிறகு ஐப்பசியில் கார் நடுங்கத் தொடங்கியபோது, யாரைச் சந்தேகிப்பது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒயில் மாற்றியவள் ஜெனிற்றா. குருநகரில், தேவாலயத்துக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்தாள். தகப்பன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். அவள் கொழும்பில் படித்துக் கார்களுக்கு வந்தவள். இந்த மாதிரிப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவரென்று யாழ்ப்பாணத்தில் சுப்யான் அறிந்தது அவளை மட்டும்தான். அதுவே அவருக்கு முதற் சந்தேகம்: ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலையை யார் சரிபார்ப்பது?

ஒயில் மாற்றிய அன்று அவர் வெளியே வந்த பழைய ஒயிலில் ஒரு போத்தலும், உள்ளே போன புதிய ஒயிலில் ஒரு போத்தலும் எடுத்து, திகதி எழுதி ஒட்டி வைத்திருந்தார். பழையது தேயிலைச் சாயத்தின் நிறம். புதியது செக்கச் சிவந்தது. சாதாரண ஓட்டோ கியருக்கு விடும் ஒயிலும் சிவப்புத்தான். முற்றத்து வெளிச்சத்தில் இரண்டு போத்தல்களையும் பிடித்துப் பிடித்துப் பார்க்க, சந்தேகம் சாட்சியமாக இறுகியது.

ஐந்து பக்கத்தில் முறைப்பாடு தயாரானது. நுகர்வோர் அலுவலகத்துக்கு. பதினொரு இணைப்புகள். இதை அனுப்பினால் விசாரணை நடக்கும். ஒன்றில் ஜெனிற்றா பெட்டியை மாற்றித் தரவேண்டும், இல்லாவிட்டால் கராஜை மூடவேண்டும். அனுப்பாவிட்டால் கார் நடுங்கி நடுங்கி ஒரு நாள் வழியில் நிற்கும். அதோடு அவர்களுடைய சீவியமும் நிற்கும். பன்னிரண்டாம் இணைப்பு ஒன்றுதான் குறைவு. காரின் கணினியில் சோதனை மெசினைக் கொழுவி, உள்ளே நடப்பதைப் பதிவெடுக்க வேண்டும். அந்த மெசினும் ஜெனிற்றாவிடம்தான் இருந்தது.

"நானா, போத்தலோடை வாறியள். ஒயில் வாங்கவோ, இரத்தம் சோதிக்கவோ?" என்றாள் அவள், கையைத் துணியில் துடைத்தபடி. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"ரெண்டும் இல்லைப் பிள்ளை. இதைப் பார். நிறம் ஏன் வேறை?"

அவள் போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அது கொம்பனி கலக்கிற சாயம். ஒருத்தன் பச்சை போடுவான், ஒருத்தன் சிவப்பு. நிறத்தை வைச்சு ஒயில் பிடிக்கேலாது. ரின்னை நீங்கள்தானே உடைச்சியள்? மூடியைக் கூடக் கொண்டு போனியளே."

"மூடி இருக்கு. ஆனா உள்ளுக்கை இருந்தது என்ன எண்டு மூடி சொல்லாது."

"என்ரை மாதாவே! அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"மெசினைக் கொழுவு. நான் ஓடுறன். நீ பக்கத்திலை இரு. எல்லாம் பதியவேணும். வேகம், எஞ்சின் சுத்து, அழுத்தம், லீவர், எல்லாம். ஒண்டையும் விடக்கூடாது. பிறகு வெளியிலை ஒரு கடையிலை பிறின்ற் எடுப்பம். ஒவ்வொரு பக்கத்திலும் நீயும் நானும் கையெழுத்து."

"கலியாண எழுத்துக்குக் கூட இவ்வளவு கையெழுத்து இல்லை, நானா."

"அதாலைதான் கன கலியாணம் பிழையாப் போகுது."

அவள் சிரித்துவிட்டு மெசினை எடுத்தாள். சுப்யான் சிரிக்கவில்லை.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். நல்லூர் முத்திரைச் சந்தி, கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என்று பருத்தித்துறை வீதியால் நீர்வேலி வரைக்கும் போய்த் திரும்புவதாகத் திட்டம். வழி நெடுகிலும் சுப்யானின் கண் பாதி வீதியிலும் பாதி ஜெனிற்றாவின் விரல்களிலும் இருந்தது. அவள் திரையைத் தொடும்போதெல்லாம், "இப்ப என்ன அமத்தினாய்?" என்று கேட்டார். அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்வியங்காடு தாண்டியதும் சொல்வதை நிறுத்திவிட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு முறை அவரையும் ஒரு முறை திரையையும் பார்த்தாள். அந்த மௌனம் சுப்யானுக்குப் பிடித்தது. அகப்பட்டுக்கொண்டவள் வேறென்ன செய்வாள்?

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிய லொறியொன்று வீதியை அடைத்து நின்றது. அது விலகியதும் கார் பழையபடி நடுங்கியது. தேநீர்க் கோப்பை தட்டில் அடிப்பது போன்ற ஒரு நடுக்கம்.

"கேட்டியோ?"

"கேட்டன்," என்றாள் ஜெனிற்றா.

பதினாறு பக்கங்கள். முப்பத்திரண்டு கையெழுத்துகள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடிமட்டத்தை வைத்து, ளுகர் தொழுகைக்குப் பிறகு வரிவரியாக இறங்கினார் சுப்யான். ஒயில் அழுத்தம் குறையும் இடங்களைத் தேடுவதே நோக்கம். மூன்றாம் பக்கத்தில் முதலாவது இடம் அகப்பட்டது. அழுத்தம் விழுந்து, சில வினாடிகளில் துள்ளி எழுந்திருந்தது. மகிழ்ச்சியோடு வட்டமிட்டார். அடிமட்டத்தைக் குறுக்கே நகர்த்தியபோது, அதே வரியில், கியர் லீவர் என்ற நிரலில், ஓட்டத்துக்குரிய D இருக்கவேண்டிய இடத்தில் N இருந்தது. வேகம் நாற்பத்தெட்டு.

ஓடும் காரில் நியூற்றலா? அவர் அப்படிப் போடவே இல்லையே.

அடுத்த வட்டத்திலும் N. அதற்கடுத்ததிலும் N. பதினாறு பக்கமும் முடிந்தபோது பத்தொன்பது வட்டங்கள். பத்தொன்பதிலும் அழுத்தம் விழுந்த நேரமும் N வந்த நேரமும் ஒன்று. சுப்யான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விசயம் விளங்கிவிட்டது. கெட்டிக்காரப் பெட்டை; குற்றத்தை ஓட்டியவன் தலையில் போட மெசினை முதலே திருத்தி வைத்திருக்கிறாள்.

ஆனால் பொய்யாக எழுதினால் எங்காவது முரண்படும் என்பது காணி வழக்கில் அவர் கற்ற பாடம். நேரங்களை எடுத்து, தூரத்தைக் கணக்கிட்டு, வீதிப் படத்தில் புள்ளி வைத்தார். பத்தொன்பது புள்ளிகளும் சந்திகளுக்கும் வேகத்தடைகளுக்கும் நூற்றைம்பது, இருநூறு மீற்றர் முன்னால் வரிசையாக விழுந்தன. நீர்வேலியில் வாழைக்குலை லொறிக்கு முன்னால்கூட ஒன்று. லொறி அங்கே நிற்கும் என்று முதலே எழுதி வைக்க ஜெனிற்றாவால் முடியாது.

மறுநாள் காலையில் கைருன்னிஸாவை முன் ஆசனத்தில் ஏற்றினார். அவள் தஸ்பீஹ் துதிகளை எண்ணுவதற்கு விரலில் மாட்டும் சின்ன மெசின் ஒன்று வைத்திருந்தாள். பொத்தானை அமுக்கினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும்.

"நான் உந்த லீவரைத் தொட்டா ஒண்டு அமத்து. தொடமாட்டன். ஆனாலும் பார்த்துக்கொண்டிரு."

"திக்ரு எண்ணுற சாமானிலை கியர் எண்ணச் சொல்லுறியளே. சரி, எடுங்கோ காரை."

முத்திரைச் சந்திக்கு முன்னால் அவள் விரல் அசைந்தது.

"ஏன் அமத்தினாய்?"

"தொட்டியள்."

"தொடேல்லை."

"அப்ப உங்கடை கை எங்கை கிடக்குது? குனிஞ்சு பாருங்கோ."

சுப்யான் குனிந்து பார்த்தார். இடது கை லீவரின் மேல் இருந்தது. லீவர் N இல் இருந்தது. கார் அரவமில்லாமல் சந்தியை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. எப்போது போட்டார் என்பது அவருக்கு நினைவே இல்லை.

திரும்பி வரும்போது எண்ணிக்கை இருபத்தொன்று. அதில் ஐந்தாறு, மாட்டேன் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோதே போட்டவை.

வீட்டுக்கு வந்தவர் நேரே அலுமாரிக்குப் போனார். 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டுக் கொப்பி. கைப்பேசியில் கட்டம் கட்டமான குறியைக் காட்டினால்தான் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலம். பெற்றோல் நிரப்பும் செற்றுக்கு முன்னால் இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நின்றபோது சாரதிகள் ஒருவருக்கொருவர் மிச்சம் பிடிக்கும் வித்தைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து வீதியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சந்திக்கு முன்னால் நியூற்றல் போட்டுவிட்டால் கார் தன்பாட்டில் உருண்டு போய் நிற்கும். ஆடி மாதம் ஒன்பதாம் பக்கத்தில், அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது: 'நியூற்றல் முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. இரண்டு கிழமைப் பெறுபேறு: லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் கூடுதல். தொடர்ந்து கைக்கொள்க.' கீழே கையொப்பம், திகதி.

தட்டுப்பாடு முடிந்துவிட்டது. வரிசை முடிந்துவிட்டது. கட்டளையை மட்டும் எவரும் இரத்துச் செய்யவில்லை.

அன்று பின்னேரம் கொப்பியையும் பதினாறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவர் குருநகருக்குப் போனார். ஜெனிற்றா ஒரு காரின் கீழே கிடந்தாள். கால்கள் மட்டும் தெரிந்தன.

"எப்ப கண்டனீ?" என்று அவர் கால்களைப் பார்த்துக் கேட்டார்.

"முதல் சந்தியிலை. கல்வியங்காட்டிலை உறுதியாச்சுது."

"ஏன் சொல்லேல்லை?"

அவள் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்து, அவர் நீட்டிய கொப்பியின் பக்கத்தை வாசித்தாள். "சொன்னா நம்பியிருப்பியளோ?"

சுப்யான் நேர்மையானவர். "இல்லை," என்றார்.

"அதுதான். நீங்களா எண்ணினாத்தான் ஏறும் எண்டு எனக்குத் தெரியும். கேளுங்கோ, நானா. ஒயில் பம்பைச் சுத்துறது எஞ்சின். ஓட ஓட நியூற்றல் போட்டா எஞ்சின் இளைப்பாறும், அழுத்தம் விழும். ஆனா சில்லு ஓடுது, அதாலை பெல்ற்றும் உள்ளுக்கை சுத்துது. பிடி தளர்ந்த நேரம் பார்த்து நீங்கள் திரும்ப D போடுறியள். பெட்டிக்கை ஒரு உதை. பெல்ற் ஒரு நூலளவு வழுக்கும். நாளுக்கு இருபது தரம், ரெண்டு வருசத்துக்கு மேலை."

"பெற்றோல் மிச்சம் வந்ததே. எழுதியிருக்கு."

"அந்த மாசம் பயத்திலை மெல்ல ஓடியிருப்பியள். மிதியிலை இருந்து காலை எடுத்துப்போட்டு D இலையே விட்டா, இந்தக் கார் பெற்றோலை அடியோடை நிப்பாட்டும். நியூற்றல் போட்டாத்தான் எஞ்சின் நிண்ட நிலையிலை குடிக்கும்."

இதுதான் அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பொறுக்கவில்லை. கொப்பியைத் திறந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் என்ற இடத்தின் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு, வெகுநேரம் தள்ளி வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"பெட்டி செத்துப்போச்சோ?"

ஜெனிற்றா அவருடைய காரை உயர்த்தி, பெட்டியின் கீழ்த்தட்டைக் கழற்றினாள். ஒயில் துகளைப் பிடிக்கும் காந்தத்தை எடுத்து விரலால் தேய்த்து, அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். சாம்பல் நிறத்தில், திருநீறு குழைத்தது போல ஒரு மெல்லிய பசை. "செதில் இருந்தா முடிஞ்சுது. இது பசை. புனல் இன்னும் பிழைக்கும். புது ஒயில் விடுறன். ஆனா உந்தக் கையைக் கட்டிப்போடுங்கோ."

சுப்யான் காந்தத்தைத் தன் கையிலும் வாங்கிப் பார்த்தார். செதில் இல்லை. மூச்சு வந்தது. பிறகு, புதிய ரின்னின் மூடியில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து வெறும் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினார். ஜெனிற்றா அதில் ஒயில் ஊற்றிக் கொடுத்தாள்.

முறைப்பாட்டை அவர் கிழிக்கவில்லை. கடதாசி கிழிப்பது அவருடைய வழக்கம் அல்ல. ஐந்து பக்கத்திலும் குறுக்கே கோடிழுத்து, 'எதிராளி பெயர் பிழை' என்று எழுதி, முப்பத்தேழாம் கோப்பிலேயே வைத்தார். ஜெனிற்றாவுக்கு ஒரு கடிதம் எழுதி, கைருன்னிஸா அவித்த வட்டிலப்பத்தோடு பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினார். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்; அவளும் போட்டு அனுப்பினாள்.

அதன் பிறகு ஒரு மாதம் கைருன்னிஸா விரலில் மெசினோடு முன் ஆசனத்தில் போய் வந்தாள். பதினான்கு. ஒன்பது. பத்து. நாலு. காங்கேசன்துறைக்குப் போய்த் திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை கார் ஒரு தடவையும் நடுங்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள். பூச்சியம்.

சுப்யான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது வேலை செய்யுதோ?" என்று கேட்டார். "ஒருக்கா அமத்திக் காட்டு."